எல்லாரும் கூடும் பொங்கல்: மதுரையில் ஒவ்வாமை உள்ள விருந்தாளியையும் சேர்த்துக்கொண்டு விழா நடத்துவது எப்படி

"எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது" என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அதற்கு நாலைந்து பொருள் உண்டு. லேசாக அரிக்கும், வயிறு உப்பும், பழைய கரப்பான் கிளம்பும், இல்லையென்றால் வெறுமனே பிடிக்காது. அதனால்தான் சமைப்பவரும் "கொஞ்சூண்டு போட்டா ஒண்ணும் செய்யாது" என்று வாஞ்சையோடு பரிமாறிவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் ஒருவர் "நிலக்கடலை அலர்ஜி" என்றால் நிலைமை வேறு. அரைக் கடலை உள்ளே போனால் சில நிமிடங்களில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடலாம். இந்த இரண்டு 'ஒத்துக்காது'க்கும் இடையில்தான் விபத்து நடக்கிறது.

மதுரையில் இப்படிப்பட்ட விருந்தாளிகள் இன்று நிறையப் பேர். அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்கள், கல்லூரிகளுக்கும் காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் வரும் மாணவர்கள், ஆய்வாளர்கள், தன்னார்வலர்கள் என்று பல வகை. இவர்களோடு வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களையும் சேர்த்து அடுக்குமாடிக் குடியிருப்பிலோ கல்லூரியிலோ தெருவிலோ சமத்துவப் பொங்கல் வைக்கிறவர்களுக்காக எழுதியது இது. பொங்கலை வைத்துச் சொன்னாலும் தீபாவளி, சித்திரைத் திருவிழா, கிறிஸ்துமஸ், நோன்புக்கஞ்சி கூடல் எதற்கும் இதே முறை பொருந்தும்.

ஒவ்வாமை உள்ளவரை "நீங்க வீட்டிலேயே இருங்க, நாங்க கொடுத்து அனுப்புறோம்" என்று ஒதுக்க வேண்டியதில்லை. பத்து நாள் முன்பு கேட்டு, அடுப்பையும் எண்ணெயையும் இலையையும் கொஞ்சம் மாற்றி வைத்தால் அவரும் பந்தியில் உட்காரலாம்.

மதுரையில் எந்த மாதம் எது படுத்தும்

ஐரோப்பாவில் பெர்ச் மரத்தின் மகரந்தம், ஜப்பானில் சுகி மரத்தின் மகரந்தம், அமெரிக்காவில் ராக்வீட் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வில்லன் உண்டு. மதுரையில் பெர்ச்சும் சுகியும் கிடையாது. அதனால் முதல் வருடம் வந்தவர்களில் பலர் "இங்கே வந்ததும் எனக்குச் சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வாமை உடம்பு புதிய மகரந்தத்தைப் பழகி அதற்கு எதிராகக் கிளம்ப ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஆகும். இரண்டாவது வருடம் தும்மல் திரும்பி வந்தால் அது இந்த ஊரின் செடிகளுக்கு. அப்போது பழைய பரிசோதனை முடிவை நம்பிப் பயனில்லை.

இங்கே முதல் குற்றவாளி சீமைக்கருவேலம். மதுரையிலிருந்து சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் போகும் எந்தச் சாலையிலும் கண்மாய்க்கரையிலும் அதுதான் நிற்கிறது. அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பது நன்கு நிறுவப்பட்டது. இரண்டாவது பார்த்தீனியம். 1950களில் புனே பக்கம் கண்டறியப்பட்டு நாடு முழுக்கப் பரவிய செடி. மழைக்குப் பின் காலி மனைகளில் இடுப்புயரம் வளர்ந்து சிறு வெள்ளைப் பூவாகப் பூத்து நிற்கும். மூக்கையும் படுத்தும், தோலையும் படுத்தும். அறுகு முதலான புற்களின் மகரந்தமும் உண்டு.

ஆனால் எங்கள் கணக்கில் மதுரையில் மகரந்தத்தைவிட அதிகம் படுத்துவது தூசி, புகை, பூஞ்சை மூன்றும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் ஏறிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிச்செள்ளுப் பூச்சி பெருகும். தீபாவளிப் புகையும் அப்போதே வரும். 2018 முதல் தமிழகத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதால் அந்த நேரத்தில் சன்னலைச் சாத்தி வைக்கும்படி விருந்தாளியிடம் சொல்லலாம். நடைமுறையில் அதற்கு முன்னும் பின்னும் வெடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மார்கழியில் விடியற்காலைப் பனி புகையை மேலே போகவிடாமல் தரையோடு பிடித்து வைக்கும். போகி அன்று கொளுத்துவது பொங்கல் காலையிலும் தெருவில் நிற்பதற்கு அதுதான் காரணம். தை, மாசியில் மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் நெல் அறுவடை, வைக்கோல் தூசி. சித்திரையில் வெயிலும் புழுதியும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் புழுதி பறப்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இங்கிலீஷில் இந்தத் தும்மல் நோயை 'ஹே ஃபீவர்' என்பார்கள். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் இருக்காது. விருந்தாளிக்கு உண்மையிலேயே உடம்பு சுட்டால் அது ஒவ்வாமை இல்லை. மழைக்காலம் முடியும் நேரத்தில் டெங்குவை நினைத்து உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பத்து நாள் முன்பு கேட்க வேண்டியது

"உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் பாதிப் பேர் கூச்சத்தில் "இல்லை" என்பார்கள். விருந்து கொடுப்பவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் எல்லா நாட்டாருக்கும் உண்டு. கேள்வியை இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: எதைச் சாப்பிட்டால் உடம்புக்குச் சேராது? அது வெறும் அரிப்பா, காணாக்கடி போலத் தடிப்பா, வாய், உதடு வீக்கமா, மூச்சுத் திணறலா? எப்போதாவது அதற்காக ஊசி போட்டதுண்டா, ஆஸ்பத்திரியில் சேர்த்ததுண்டா? ஆஸ்துமா உண்டா? மூச்சு அடைக்கும்போது தொடையில் குத்தும் அட்ரினலின் பேனா ஊசி வைத்திருக்கிறீர்களா, அதன் காலாவதித் தேதி என்ன? புகை, ஊதுபத்தி, பூ வாசனை எதுவாவது சேராதா?

மூச்சுத் திணறியவர், ஊசி போட்டுக்கொண்டவர், கடலை ஒவ்வாமையோடு ஆஸ்துமாவும் உள்ளவர் ஆகியோரின் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். இவர்களுக்குத்தான் தனி ஏற்பாடு. பட்டியல் சமையல் பொறுப்பாளரிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய நோயைப் போட்டுவிடாதீர்கள்.

இடமும் அடுப்பும்

மைதானத்திலோ காலி மனையிலோ வைப்பதாக இருந்தால் பார்த்தீனியத்தை மூன்று, நான்கு வாரம் முன்பே, பூ விடும் முன், வேரோடு பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது எளிதாக வரும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். விழாவுக்கு முதல் நாள் பூத்த செடியைப் பிடுங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மகரந்தம் முழுக்க அந்த இடத்திலேயே உதிரும். அவ்வளவு தாமதமாகிவிட்டால் தொடாமல் விட்டுவிட்டு வேறு மூலையைப் பாருங்கள். பிடுங்கியதை எரிக்கவும் கூடாது. குழி தோண்டிப் புதைக்கலாம்.

கூட்டிப் பெருக்குவது முதல் நாள் மாலையில் முடியட்டும். அன்று காலை தண்ணீர் தெளிப்பது மட்டும் போதும். விருந்தாளிகள் வந்து நிற்கும்போது தென்னந்துடைப்பத்தால் வறட்டுத் தரையைக் கூட்டினால் மற்ற முயற்சியெல்லாம் வீண். கோலத்துக்குக் கல்மாவும் வண்ணப்பொடியும் வேண்டாம். அரிசி மாவைக் கரைத்து மாக்கோலம் போட்டால் தூசி எழாது, பார்க்கவும் அதுதான் அழகு. கோலப்போட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் முந்தைய மாலையே நடத்திவிடுங்கள்.

இனி அடுப்பு. இருபது பானைகளை வரிசையாக விறகில் வைப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆஸ்துமாக்காரர் அந்தப் பக்கமே வர முடியாது. ஒரு பானையை, மிஞ்சிப் போனால் இரண்டைச் சடங்குக்காக விறகில் வைத்துவிட்டு மீதிச் சமையலைக் கேஸ் அடுப்பில் முடியுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மார்கழிப் பனியில் நனைந்த கட்டைதான் கண்ணெரியும் புகையைக் கிளப்பும். இரண்டு வாரம் முன்பே வாங்கி, மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் போகாமல் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி, பகல் வெயிலில் திறந்து வையுங்கள். பற்றவைக்கக் காய்ந்த பனையோலை, தென்னம்பாளை போதும். டயர் துண்டு, பிளாஸ்டிக் பை, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது.

தை மாதத்தில் மதுரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே அடுப்பு இடத்தின் தென்மேற்கு ஓரத்தில், உட்காரும் இடம் வடகிழக்குப் பக்கம். ஆனால் கட்டிடங்களுக்கு நடுவே காற்று திரும்பும். அன்று காலை ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை போகும் திசையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சூரியன் ஏறிப் பனி விலகிய பிறகு, 9 மணிக்கு மேல் தொடங்குவது நல்லது. பொங்கல் அன்றே நடத்தாமல் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்தால் போகிப் புகையும் தப்பும், ஊருக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். எங்களைக் கேட்டால் அதுதான் சரியான நாள்.

சமையல்: எல்லாம் 'கடலை' என்ற சொல்லில் இருக்கிறது

நிலக்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு, கடலை எண்ணெய். இவற்றில் முதலாவதும் கடைசியும் மட்டும்தான் நிலக்கடலை. நடுவில் உள்ளதெல்லாம் கொண்டைக்கடலைக் குடும்பம். மொழி தெரியாத விருந்தாளி 'கடலை' என்று கேட்டதும் பஜ்ஜியைத் தள்ளி வைப்பார், பக்கத்தில் கடலை எண்ணெயில் பொரித்த வடையை நிம்மதியாக எடுப்பார். சமையல் மாஸ்டரிடமும் "கடலை வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "வேர்க்கடலை வேண்டாம், கடலை எண்ணெய் வேண்டாம்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் புரதம் மிஞ்சும், ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். எது எந்த டின்னில் இருக்கிறது என்று அன்று யாரும் பார்க்கப் போவதில்லை. மொத்தச் சமையலுக்கும் புதிதாகப் பிரித்த சூரியகாந்தி எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய் என்று முடிவு செய்துவிடுங்கள். பழைய எண்ணெயை வடிகட்டி மறுபடி ஊற்றுவது கூடாது. எல்லாப் பலகாரத்தின் மிச்சமும் அதில் கலந்திருக்கும்.

எள் இன்னொரு மறைவிடம். புளியோதரை, இட்லிப்பொடி, நல்லெண்ணெய் மூன்றிலும் இருக்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பார்கள். கோதுமையே சேராதவருக்கு, அதிலும் கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் உள்ளவருக்கு, சாம்பாரும் ரசமும் வெண்பொங்கலும் இந்த வழியில் ஆகாமல் போகும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஐயமாக இருந்தால் அந்த ஒரு பானைக்குப் பெருங்காயமே வேண்டாம். ஐரோப்பாவில் மக்வர்ட் என்ற செடியின் மகரந்தத்துக்குத் தும்முகிறவர்களில் சிலருக்குக் கொத்தமல்லி, சீரகம், சோம்பு பட்டால் வாய் அரிக்கும். "மசாலா காரம் தாங்கலை போல" என்று நாம் நினைத்துவிடுவோம். காரம் வேறு, உதடு தடிப்பது வேறு.

சர்க்கரைப் பொங்கல் எல்லாரும் சாப்பிடக்கூடியதாக அமைய, 60 பேருக்கு: பச்சரிசி 2 கிலோ, பாசிப்பருப்பு 500 கிராம், வெல்லம் 3 கிலோ, நெய் 400 கிராம், தண்ணீர் 12 லிட்டர், ஏலக்காய் 15 கிராம். முந்திரியை இந்தப் பானையில் சேர்க்காதீர்கள். "தனியே வறுத்து மேலே தூவிக்கொள்ளலாம்" என்று வைத்தால் பத்தாவது நிமிடத்தில் ஒரே கரண்டி இரண்டிலும் புரளும். அதற்குப் பதில் தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கி நெய்யில் சிவக்க வறுத்துப் போடுங்கள். அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகே வடிகட்டிய வெல்லப்பாகை ஊற்ற வேண்டும், வெல்லம் சேர்ந்த பின் அரிசி வேகாது. வெல்லம் கருமையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தில் நிறத்துக்காகச் சேர்த்த கந்தக வேதிப்பொருள் மிஞ்சியிருக்கலாம், அது ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். வெளுப்பான உலர்திராட்சையிலும் இதே சிக்கல் உண்டு. அதையும் விட்டுவிடலாம்.

பால் சேராதவர்களுக்கு 250 கிராம் அரிசியில் சிறு பானை ஒன்று, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், இறக்கும்போது தேங்காய்ப்பால். இதை முதலில் சமைத்து மூடி, பெயர் எழுதி, தனிக் கரண்டியோடு வேறு மேசையில் வைத்துவிடுங்கள். கடைசியில் செய்தால் நெய்க் கை பட்டுவிடும்.

விருந்தாளிகளும் தங்கள் ஊர்ப் பலகாரத்தைக் கொண்டுவரட்டும். கூடிச் சாப்பிடுவதன் சந்தோஷமே அதில்தான். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு சீட்டு: நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு. இருப்பதை வட்டமிடச் சொல்லுங்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கட்டும். இடைவேளையில் ஜிகர்தண்டா கொடுப்பதானால் "பாலும் ஐஸ்கிரீமும் உண்டு" என்று எழுதி வையுங்கள். பாதாம் பிசின் என்பது பாதாம் மரத்தின் பிசின், பருப்பு இல்லை. ஆனாலும் பாதாம் ஒவ்வாமை உள்ளவர் குடித்துப் பார்க்க அது இடமில்லை.

பந்தி

வாழையிலைப் பந்தியின் அழகு, கேட்காமலே எல்லாம் வந்து விழுவது. ஆபத்தும் அதுவே. வடை எடுத்த கை அப்பளம் எடுக்கும், பாயச வாளியின் கரண்டி பொங்கல் வாளிக்குள் போகும். இதற்கு எளிய வழி ஒன்று: பட்டியலில் உள்ளவர்களை முதல் பந்தியில், வரிசையின் முதல் இலைகளில் உட்காரவையுங்கள். வாளிகள் அப்போதுதான் நிரம்பியிருக்கும், கரண்டிகள் கலந்திருக்காது. அந்த இலைகளுக்கு ஒரே ஆள் பரிமாறட்டும், அவருக்கு எதை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கட்டும். இலை ஓரத்தில் ஒரு மாவிலை வைத்தால் அடையாளம் ஆயிற்று, பார்ப்பவர்களுக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

பாட்டிகளிடமும் அத்தைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். "ஒரு வாய்" என்று ஊட்டிவிடும் பழக்கத்தை அன்று மட்டும் நிறுத்தச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. விருந்தாளிக்குக் கொடுக்கக் கீழே உள்ள வாசகத்தை அட்டையில் அச்சடித்துத் தாருங்கள். விழா முடிந்த பின்னும் ஊரில் எந்தக் கடையிலும் அவர் காட்டலாம்:

"எனக்கு வேர்க்கடலை துளிகூட ஆகாது. சாப்பிட்டால் மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து. இந்தச் சாப்பாட்டிலோ சட்னியிலோ பொரித்த எண்ணெயிலோ வேர்க்கடலை அல்லது கடலை எண்ணெய் இருக்கிறதா? தெரியாது என்றால் தயவுசெய்து தர வேண்டாம்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். "தெரியாது" என்று சொல்ல நம் கடைக்காரர்களுக்கு மனம் வராது. அதைச் சொல்ல இந்த வரி வழி கொடுக்கிறது.

பூ, சந்தனம், மருதாணி

வரவேற்புக்குச் செவ்வந்தி மாலை போடாதீர்கள். பார்த்தீனியத்துக்குத் தோல் அழற்சி உள்ளவர்களுக்குச் செவ்வந்தியும் பெரும்பாலும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, வாழைக்கன்று, கரும்பு போதும். மல்லிகை இல்லாமல் மதுரையா என்றால், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூவை ஒதுக்கச் சொல்லவில்லை. மகரந்தத்தைவிட அதன் வாசனையே சிலருக்குத் தலைவலியும் தும்மலும் தரும். தட்டில் வைத்து வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். சந்தனம், குங்குமம், மஞ்சளும் அப்படியே, நாமாக நெற்றியில் இட வேண்டாம். சாம்பிராணியைத் தீபாராதனையோடு நிறுத்துங்கள்.

மருதாணியில் மட்டும் கறாராக இருங்கள். வெளிநாட்டுப் பெண்கள் மிகவும் விரும்புவது இது. மருதாணி இலையை அரைத்து வைத்தால் முதலில் ஆரஞ்சு, மறுநாள் செம்பழுப்பு. அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோனில் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கும். சில நாள் கழித்து வரைந்த கோடு முழுக்கக் கொப்புளமாகக் கிளம்பும், தழும்பும் நிற்கலாம், பிறகு ஆயுளுக்கும் தலைச்சாயம் ஆகாமல் போகும். இலை பறித்து அம்மியில் அரையுங்கள், இலை கிடைக்காவிட்டால் அந்த நிகழ்ச்சியையே விட்டுவிடுங்கள்.

மூக்குக்கும் கண்ணுக்கும்

தும்மல், மூக்கொழுகல் வழக்கமாக உள்ளவர் மருத்துவரைக் கேட்டு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைப் போகிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கினால்தான் பலன். புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை முழுதாக வேலை செய்யப் பல நாள் ஆகும். அன்று காலை ஒரு முறை அடித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் அதிகம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டை விட்டு வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். நடுத்தண்டில் பட்டால் இரத்தம் கசியும். ஆக்சிமெட்டாசோலின் சொட்டுமருந்து உடனே மூக்கைத் திறக்கும், ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தாலேயே மூக்கு அடைக்கும்.

மாத்திரையில் செட்டிரிசின் 10 மில்லிகிராம் சிலருக்குத் தூக்கம் தரும், போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. ஃபெக்சோஃபெனடின் அவ்வளவாகத் தூக்கம் தராது, அதை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடு விழுங்க வேண்டும். மெடிக்கல் கடையில் "தும்மலுக்கு மாத்திரை" என்று கேட்டு உறையில் பேரில்லாத உதிரி மாத்திரைச் செட் வாங்கவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பெயர்க் குழப்பமும் உண்டு: அமெரிக்கர் கேட்கும் ஆல்புட்டெரால் இங்கே சால்புட்டமால், எபிநெஃப்ரின் இங்கே அட்ரினலின், அசிட்டமினோஃபென் இங்கே பாராசிட்டமால்.

வீடு திரும்பியதும் குளித்து, உடை மாற்றி, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது மாத்திரையில்லாத நல்ல வழி. ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய நீர் 1 லிட்டர், அயோடின் சேராத உப்பு 9 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்நீரையோ கிணற்றுநீரையோ அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. அதில் உள்ள அமீபா மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது.

இரண்டு கண்ணும் அரித்து நீர் வடிந்தால் ஒவ்வாமை. ஒரு கண்ணில் தொடங்கி, பீளை கட்டி, காலையில் இமை ஒட்டினால் அது மெட்ராஸ் ஐயாக இருக்கலாம். அவர் வீட்டில் இருப்பதே மற்றவர்களுக்கு நல்லது. எதுவானாலும் கான்டாக்ட் லென்ஸைக் கழற்ற வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது. கண்மருத்துவத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கடையில் சொட்டுமருந்து வாங்கிப் பார்ப்பானேன்?

புகைக்கும் புழுதிக்கும் துணி முகக்கவசம் போதாது. என்95 வேண்டும், தாடிக்கு மேல் போட்டால் ஓரம் வழியாகப் புகை புகும்.

மூச்சு அடைத்தால்

இந்தப் பகுதியை மட்டும் அச்சடித்துச் சமையல் மேசையில் ஒட்டுங்கள்.

சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், இருமல், இளைப்பு, வாந்தி, மயக்கம். இவற்றில் தோலில் ஒன்றும் மூச்சிலோ மயக்கத்திலோ ஒன்றும் சேர்ந்தால் காத்திருக்க நேரமில்லை. தடிப்பே இல்லாமல் மூச்சு மட்டும் திணறினாலும் அதே அவசரம்தான்.

1. அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரட்டும், நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. காரை நோக்கி நடக்கவைத்தபோது சரிந்து விழுந்தவர்கள் உண்டு.

2. அவருடைய அட்ரினலின் பேனாவைத் தொடையின் வெளிப்பக்க நடுவில், துணிக்கு மேலாகவே குத்தி, பேனாவில் எழுதியுள்ள விநாடி வரை பிடியுங்கள். நேரத்தைக் குறியுங்கள்.

3. இன்னொருவர் 108க்கு அழைத்து, "உணவு அலர்ஜி, மூச்சுத் திணறல்" என்று சொல்லி, தெருப் பெயரோடு கோயில், பள்ளி, பேருந்து நிறுத்தம் போன்ற அடையாளமும் சொல்லட்டும். ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும்.

4. ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது பேனா. ஆஸ்துமாக்காரரானால் அட்ரினலினுக்குப் பிறகு நீல (சால்புட்டமால்) இன்ஹேலர்.

5. தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

செட்டிரிசின் அரிப்பை அடக்கும், தொண்டை வீக்கத்தை அடக்காது. மோர், சோடா, சுடுநீர் எதையும் புகட்டாதீர்கள். பேனா இந்தியக் கடைகளில் எளிதாகக் கிடைக்காது. ஊரிலிருந்து வரும்போதே இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். 25 டிகிரிக்கு மேல் அது வீணாகத் தொடங்கும், மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிற்கும் காரிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் வைக்கவே கூடாது, ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. வெப்பம் புகாத சிறு பையில், ஆள் கையோடு. மருந்து பழுப்பாகவோ கலங்கலாகவோ தெரிந்தால் மாற்ற வேண்டும். பேனா இல்லாதவர் மூச்சடைத்தால் அருகில் 24 மணி நேர அவசரப் பிரிவு எங்கே என்பதை முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள்.

உணவால் இல்லாமல் புகையால் இளைப்பு வந்தால் புகையை விட்டு வெளியே, நேராக உட்காரவைத்து, ஸ்பேஸர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியாகச் சால்புட்டமால் ஒவ்வொன்றாக 4 முறை, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடி 4, கூடவே 108.

ஜல்லிக்கட்டுக்கும் சித்திரைக்கும் அழைத்துப் போவதானால்

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் தேங்காய் நார்த்தூள், வைக்கோல், புழுதி, மாட்டு ரோமம் எல்லாம் ஒரே இடத்தில். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்குத் தொலைக்காட்சிதான். தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழா இவர்களுக்கு ஏற்றது. திறந்த வெளி, நீர்ப்பரப்பு, ஒதுங்கி நிற்க இடம்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மண்டகப்படிக்கு மண்டகப்படி அன்னதானம், பானகம், நீர்மோர். எதில் என்ன எண்ணெய் என்று கேட்டறிய வழியே இல்லை, உணவு ஒவ்வாமை உள்ளவர் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரட்டும். வைகை மணலில் புழுதி, பீய்ச்சும் தண்ணீர், கற்பூரப் புகை மூன்றும் சேரும், என்95 நனைந்தால் மாற்ற இன்னொன்று வேண்டும். மாம்பழக் காலம் வேறு. அமெரிக்காவில் பாய்சன் ஐவி கொடிக்குக் கொப்புளம் கண்டவர்களுக்கு மாங்காய்ப் பாலும் தோலும் அதே போல வாய்ச்சுற்றைப் புண்ணாக்கும். தோலை வேறொருவர் சீவி, கழுவித் துண்டாக்கிக் கொடுத்தால் அவர்களில் பலர் சாப்பிடலாம்.

விழா முடிந்த மறுநாள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தி அனுப்பி, இரவில் இளைப்போ தடிப்போ வந்ததா என்று கேளுங்கள். மருதாணி, குங்குமம், பூ போன்றவற்றின் தோல் அழற்சி இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும், அதனால் நான்காம் நாளும் ஒரு முறை. வந்த பதிலை அதே பட்டியலில் எழுதி வையுங்கள், சித்திரைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது.